பச்சோந்தி கூண்டுக்கு யுவி லைட்: எது பாதுகாப்பு, எது ஆபத்து? தேர்வு செய்வது எப்படி?

கூண்டில் லைட் பளிச்சென்று எரிகிறது. தினமும் பூச்சித் தீனி கிடைக்கிறது. ஆனாலும் சில மாதங்களில் பச்சோந்தியின் கால் வளைகிறது. கிளையைப் பிடிக்க முடியாமல் கீழே விழுகிறது. நாக்கை வீசி இரையைப் பிடிக்கவும் முடியவில்லை. வீட்டில் வளர்க்கப்படும் பச்சோந்திகளுக்கு அடிக்கடி வரும் பிரச்னைகளில் இது முக்கியமானது. பல நேரங்களில் காரணம் ஒன்றுதான்: மேலே எரிகிற லைட்டில் இருந்து வர வேண்டிய, கண்ணுக்குத் தெரியாத ஒரு கதிர் வரவே இல்லை.

இதற்கு நேர் எதிரான தவறும் நடக்கிறது. "பவர் ஜாஸ்தியா இருந்தா நல்லதுதானே" என்று பெரிய லைட்டை நெருக்கமாக மாட்டிவிடுகிறார்கள். கண் வீங்கி, தோல் வெந்து அவதிப்படுவது அந்த உயிர்தான்.

சரி, எந்த லைட்டை வாங்குவது? எங்கே மாட்டுவது? வேலை செய்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? பார்க்கலாம்.

எந்தப் பச்சோந்திகள் வளர்க்கப்படுகின்றன?

அமெரிக்காவிலும் ஐரோப்பிய நாடுகளிலும் செல்லப் பிராணியாக அதிகம் வளர்க்கப்படுபவை இரண்டு இனங்கள். ஒன்று, ஏமன் மற்றும் சவுதி அரேபியாவைச் சேர்ந்த 'வெயில்டு' பச்சோந்தி. தலையில் கொண்டை போன்ற உயரமான எலும்பு அமைப்பு கொண்டது. இன்னொன்று, மடகாஸ்கர் தீவைச் சேர்ந்த 'பேந்தர்' பச்சோந்தி. இரண்டுமே வெயில் விழும் மரக்கிளைகளிலும் புதர்களிலும் வாழ்பவை. இந்தக் கட்டுரையில் சொல்லப்படும் அளவுகள் இந்த இரண்டு இனங்களுக்கானவை. இந்தியாவில் பச்சோந்தி வளர்க்கலாமா என்ற சட்டக் கேள்விக்கான பதில் கடைசிப் பகுதியில் இருக்கிறது.

யுவி லைட் எதற்கு?

மனிதர்களைப் போலவே பச்சோந்தியின் தோலும் சூரிய ஒளியில் இருந்து வைட்டமின் டி3-ஐ தயாரிக்கிறது. ஒளியில் உள்ள யுவி-பி எனும் புற ஊதாக் கதிர் தோலில் பட்டதும் அதன் முதல் வடிவம் உருவாகிறது. உடல் சூட்டில் அது வைட்டமின் டி3 ஆகிறது. பிறகு கல்லீரல், சிறுநீரகம் வழியாகச் சென்று, உடல் பயன்படுத்தக்கூடிய வடிவத்துக்கு மாறுகிறது. அந்த வடிவம் இருந்தால்தான் சாப்பிட்ட கால்சியத்தைக் குடல் சரியாக உறிஞ்சும்.

யுவி-பி கிடைக்காவிட்டால் தீனியில் எவ்வளவு கால்சியம் தூவினாலும் உடலில் சேராது. ரத்தத்தில் கால்சியம் குறைந்தால் இதயமும் தசையும் இயங்காது என்பதால், உடல் தன் எலும்பில் இருந்தே கால்சியத்தை எடுக்க ஆரம்பிக்கும். எலும்பு ரப்பர் மாதிரி ஆகும். இதைத்தான் எம்.பி.டி. எனப்படும் வளர்சிதை மாற்ற எலும்பு நோய் என்கிறார்கள். பச்சோந்தியின் நாக்கு ஒரு எலும்புத் தண்டில் இருந்துதான் அம்பு போலப் பாய்கிறது. அதனால் இந்த நோய் வந்தால் சாப்பிடும் திறனே போய்விடலாம்.

ஏ, பி, சி: மூன்றும் ஒன்றல்ல

'யுவி' என்று டப்பாவில் போட்டிருந்தால் போதும் என்பது பெரிய தவறு. யுவியில் மூன்று வகை உண்டு.

யுவி-ஏ: சுமார் 320 முதல் 400 நானோமீட்டர் அலைநீளம் கொண்டது. பச்சோந்தியின் கண்ணுக்கு இது தெரியும். பார்வைக்கும் இயல்பான நடவடிக்கைக்கும் உதவும். ஆனால் வைட்டமின் டி3 தயாரிக்காது.

யுவி-பி: சுமார் 280 முதல் 320 நானோமீட்டர். எலும்பைக் காப்பாற்றும் கதிர் இதுதான். அளவு மீறினால் தோலையும் கண்ணையும் சுடுவதும் இதுதான்.

யுவி-சி: 280 நானோமீட்டருக்குக் கீழே. கிருமிகளைக் கொல்லப் பயன்படுவது. சூரியனில் இருந்து வரும் யுவி-சி வளிமண்டலத்திலேயே தடுக்கப்பட்டுவிடுவதால் தரையில் வாழும் எந்த உயிருக்கும் அது பழக்கமில்லை. கொரோனா காலத்தில் பரவலாக விற்ற சானிடைசர் லைட், தண்ணீர் சுத்திகரிப்புக் கருவியில் இருக்கும் லைட் எல்லாம் இந்த வகை. இவற்றை எந்தப் பிராணியின் கூண்டிலும் மாட்டவே கூடாது.

அதேபோல கொசு, ஈ பிடிக்கும் ஊதா லைட், கள்ள நோட்டு பார்க்கும் லைட், நெயில் பாலிஷ் காய வைக்கும் லைட் ஆகியவற்றில் இருந்து வருவது யுவி-ஏ. இவற்றால் பச்சோந்திக்கு வைட்டமின் டி3 கிடைக்காது. வீட்டு ட்யூப் லைட், எல்.இ.டி. பல்புகளில் பயன் தரும் அளவுக்கு யுவி-பி கிடையாது. 'ஃபுல் ஸ்பெக்ட்ரம்', 'டே லைட்' என்ற வார்த்தைகளை மட்டும் நம்பியும் வாங்க முடியாது. ஊர்வன பிராணிகளுக்கான யுவி-பி லைட் என்று தெளிவாகக் குறிப்பிட்டிருக்க வேண்டும்.

எவ்வளவு வேண்டும்?

இதற்கு வாட் கணக்கு உதவாது. பார்க்க வேண்டியது யுவி குறியீட்டு எண். கனடா 1992-ல் மக்களுக்கு வெயில் எச்சரிக்கை தர அறிமுகப்படுத்திய அதே எண்தான். இன்று செல்போன் வானிலை செயலிகளில் 'யுவி இண்டெக்ஸ்' என்று வருவதும் இதுவே.

ஊர்வன உண்மையில் எவ்வளவு யுவியில் வாழ்கின்றன என்பதை, கேரி ஃபெர்குசன் தலைமையிலான அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டில் அளந்து பார்த்து 2010-ல் வெளியிட்டனர். 15 வகைப் பல்லிகளையும் பாம்புகளையும் பின்தொடர்ந்து, அவை இருக்கும் இடத்திலேயே யுவியை அளந்தனர். அதன் அடிப்படையில் ஊர்வனவற்றை நான்கு மண்டலங்களாகப் பிரித்தனர். உயிரியல் பூங்காக்களிலும் வீடுகளிலும் இன்று பின்பற்றப்படும் கணக்கு இதில் இருந்து வந்ததுதான்.

வெயில்டு, பேந்தர் பச்சோந்திகளை மூன்றாவது மண்டலத்தில் வைக்கிறார்கள். நடைமுறையில் பரவலாகச் சொல்லப்படும் இலக்கு: வெயில் காயும் கிளையில் பச்சோந்தி உட்கார்ந்தால், அதன் முதுகு உயரத்தில் யுவி இண்டெக்ஸ் சுமார் 3. அங்கிருந்து கீழே போகப் போகக் குறைந்து, இலை மறைவில் பூஜ்ஜியத்தை நெருங்க வேண்டும். அது எவ்வளவு மேலே ஏறினாலும் எட்டும் இடத்தில் 7-ஐத் தாண்டக் கூடாது.

இது எல்லாப் பச்சோந்திக்கும் பொருந்தாது. மடகாஸ்கரின் புரூக்கேசியா போல, காட்டுத் தரையில் சருகுகளுக்கு நடுவே வாழும் குட்டிப் பச்சோந்திகளுக்கு இதைவிட மிகக் குறைவான யுவி போதும்.

தனக்கு எவ்வளவு தேவை என்று பச்சோந்திக்கே தெரியுமா?

தெரியும் என்கிறது ஆய்வு. கிறிஸ்டோபர் கார்ஸ்டன், கேரி ஃபெர்குசன் உள்ளிட்டோர் 2009-ல் வெளியிட்ட ஆய்வில் பேந்தர் பச்சோந்திகளைச் சோதித்தனர். உணவில் வைட்டமின் டி3 குறைவாகக் கிடைத்த பச்சோந்திகள் யுவி ஒளியில் அதிக நேரம் செலவிட்டன. உணவில் நிறையக் கிடைத்தவை ஒளியைத் தவிர்த்தன. அதாவது, உள்ளே எவ்வளவு இருக்கிறது என்பதைப் பொறுத்து, வெளியே எவ்வளவு வாங்க வேண்டும் என்று அவை தாங்களாகவே முடிவு செய்தன.

வளர்ப்பவர்களுக்கு இதில் உள்ள சேதி எளிமையானது. பச்சோந்திக்கு இத்தனை யுவி என்று நாள் முழுக்கத் திணிப்பது நம் வேலை இல்லை. சரியான அளவு ஒளி விழும் ஒரு கிளையும், வேண்டாம் என்று தோன்றினால் விலகிப் போக நல்ல நிழலும் கொடுத்தால் போதும். மீதியை அது பார்த்துக்கொள்ளும். நிழலே இல்லாத கூண்டில் எவ்வளவு நல்ல லைட்டும் ஆபத்துதான்.

எந்த வகை லைட் வாங்கலாம்?

டி5 ஹெச்.ஓ. ட்யூப்: இப்போது பரவலாகப் பரிந்துரைக்கப்படுவது இதுதான். 16 மில்லிமீட்டர் விட்டம் கொண்ட நீளமான, மெல்லிய ட்யூப். கூண்டின் அகலம் முழுக்க ஒளி பரவும் என்பதால் பச்சோந்தி எந்தப் பக்கம் இருந்தாலும் உடல் முழுவதும் ஒரே சீராகக் கிடைக்கும். சூடும் குறைவு. பின்னால் ரிஃப்ளெக்டர் உள்ள ஃபிட்டிங்கில் மாட்டினால் யுவி வீணாகாது.

டி8 ட்யூப்: கொஞ்சம் பருமனான பழைய வகை. யுவி-பி வரும், ஆனால் டி5-ஐவிடக் கணிசமாகக் குறைவு. கிளைக்கு நெருக்கமாக மாட்ட வேண்டியிருக்கும். சீக்கிரம் மாற்றவும் வேண்டும்.

சி.எஃப்.எல். போன்ற சுருள் பல்பு: விலை மலிவு. ஆனால் ஒரு சின்ன வட்டத்தில்தான் யுவி விழும். சற்று நகர்ந்தாலே அளவு சட்டென்று குறையும். 2000-களில் விற்ற சில சுருள் பல்புகளில் கண்ணைப் பாதிக்கும் குறைந்த அலைநீளக் கதிர்கள் வந்து பிராணிகளுக்குக் கண் வீக்கம் ஏற்பட்டதும் உண்டு. பச்சோந்தியின் உயரமான கூண்டுக்கு இது சரிப்பட்டு வராது.

மெர்க்குரி வேப்பர், மெட்டல் ஹாலைடு: சூடும் யுவியும் ஒரே பல்பில் வரும். பெரிய கூண்டுகளுக்கும் உயிரியல் பூங்காக்களுக்கும் ஏற்றவை. சூட்டைக் குறைத்தால் யுவியும் மாறும், யுவிக்காக நெருக்கினால் சூடும் ஏறும். வீட்டுக் கூண்டில் இரண்டையும் கட்டுப்படுத்துவது கஷ்டம்.

யுவி எல்.இ.டி.: புதிதாக வந்திருக்கும் வகை. கதிர் மிகக் குறுகிய அலைநீளப் பட்டையில் வருவதால் மாடலுக்கு மாடல் விளைவு மாறும். முதல் முறை வளர்ப்பவர்கள் ட்யூப்பைத் தேர்ந்தெடுப்பதே பாதுகாப்பு.

டப்பாவில் இருக்கும் 5.0, 6%, 12% என்றால் என்ன?

ஸூ மெட் நிறுவன ட்யூப்களில் 5.0, 10.0 என்றும், ஆர்கேடியா ட்யூப்களில் 6%, 12% என்றும் போட்டிருப்பார்கள். இது அந்த ட்யூப் தரும் ஒளியில் யுவி-பி எத்தனை பங்கு என்பதைச் சொல்லும் எண். கிளையில் எவ்வளவு விழும் என்பதை இது சொல்லாது. 5.0 என்று போட்ட டி8 ட்யூப்பும், 5.0 என்று போட்ட டி5 ஹெச்.ஓ. ட்யூப்பும் ஒரே தூரத்தில் வேறு வேறு அளவு தரும்.

கூண்டின் மூடி வலையாக இருந்து, கிளையை விரும்பிய உயரத்தில் வைக்க முடிந்தால் 5.0 அல்லது 6% டி5 ட்யூப் போதுமானது. 10.0, 12% வகைகளுக்குத் தூரம் அதிகம் வேண்டும். உயரம் குறைந்த கூண்டில் அவற்றை மாட்டுவதுதான் பல கண் பாதிப்புகளுக்குக் காரணம். வாட்டைப் பார்த்தும் குழம்ப வேண்டாம். ஒரே வகை ட்யூப்பில் 24 வாட்டுக்கும் 39 வாட்டுக்கும் பெரும்பாலும் நீளம்தான் வித்தியாசம்.

எங்கே, எவ்வளவு தூரத்தில் மாட்டுவது?

எப்போதும் மேலே இருந்துதான். சூரியன் தலைக்கு மேல் இருந்து வருவதற்கு ஏற்ப அமைந்த உடல் அது. பக்கவாட்டில் லைட் வைத்தால் கதிர் நேராகக் கண்ணுக்குள் போகும்.

வலை மூடியின் மேல் 5.0 அல்லது 6% டி5 ட்யூப்பை வைத்தால், பச்சோந்தியின் முதுகுக்கும் ட்யூப்புக்கும் இடையே 20 முதல் 25 செ.மீ. தூரம் என்பது பலர் தொடங்கும் அளவு. ஆனால் இது தொடக்கம் மட்டுமே. வலையின் கம்பி அடர்த்தியைப் பொறுத்து 30 முதல் 40 சதவீதம் வரை யுவி தடுக்கப்படலாம். ரிஃப்ளெக்டர் இருக்கிறதா, ட்யூப் புதிதா பழையதா என்பதும் கணக்கை மாற்றும். அதனால் அந்தந்த ட்யூப்புக்குத் தயாரிப்பாளர் தந்திருக்கும் தூர அட்டவணையைப் பார்ப்பது அவசியம்.

கண்ணாடியும் சாதாரண பிளாஸ்டிக்கும் யுவி-பியை ஏறக்குறைய முழுவதுமாகத் தடுத்துவிடும். லைட்டுக்கும் பச்சோந்திக்கும் நடுவே கண்ணாடி மூடி இருந்தால் லைட் இருந்தும் பயனில்லை. ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயிலும் அப்படித்தான்.

இன்னொரு விஷயம் சூடு. பச்சோந்திக்கு வெயில் காய யுவி ட்யூப்புடன் தனியாக ஒரு சூடு தரும் பல்பும் தேவை. இரண்டின் ஒளியும் ஒரே கிளையில் விழ வேண்டும். அந்த இடத்தில் வெப்பம் சுமார் 29 முதல் 31 டிகிரி செல்சியஸ் இருந்தால் போதும். பச்சோந்தி வலை மூடியிலேயே தொங்கும் பழக்கம் உள்ளது. பல்பு வலையில் ஒட்டி இருந்தால் தலைக் கொண்டையும் முதுகும் வெந்துவிடும். பல்பை வலைக்கு மேலே சில அங்குலம் உயர்த்தி மாட்ட வேண்டும்.

நிழலுக்குச் செம்பருத்தி போன்ற இலை அடர்ந்த உயிர்ச் செடிகள் நல்லது. செடிக்கு மருந்து அடித்திருக்கக் கூடாது.

எவ்வளவு நேரம்? எப்போது மாற்றுவது?

பகலில் சுமார் 12 மணி நேரம் போதும். டைமர் போட்டுவிட்டால் மறதி இருக்காது. ராத்திரி முழு இருட்டு வேண்டும். சிவப்பு, நீல 'நைட் பல்பு' எதுவும் தேவையில்லை.

பலரும் ஏமாறும் இடம் ட்யூப்பின் ஆயுள். எரிந்துகொண்டே இருக்கும், வெளிச்சமும் குறையாது. ஆனால் யுவி-பி மட்டும் மெல்ல மெல்லக் குறைந்துகொண்டே போகும். மனிதக் கண்ணுக்கு யுவி-பி தெரியாது என்பதால் பார்த்துக் கண்டுபிடிக்க வழியே இல்லை. டி5 ட்யூப்பை ஆண்டுக்கு ஒரு முறையும், டி8 மற்றும் சுருள் பல்பை 6 மாதத்துக்கு ஒரு முறையும் மாற்றுவது பொதுவான வழக்கம். மாட்டிய தேதியை ட்யூப்பின் ஓரத்தில் மார்க்கரால் எழுதி வைக்கலாம்.

உறுதியாகத் தெரிய ஒரே வழி அளப்பதுதான். சோலார்மீட்டர் 6.5 போன்ற கருவிகள் யுவி இண்டெக்ஸை நேரடியாகக் காட்டும். விலை அதிகம்தான், ஆனால் அடிக்கடி தேவைப்படாது. வளர்ப்பவர்கள் நாலு பேர் சேர்ந்து ஒன்று வாங்கிப் பகிர்ந்துகொள்ளலாம். ஊர்வன பிராணிகளுக்குச் சிகிச்சை தரும் சில மருத்துவர்களிடமும் இருக்கும். யுவி பட்டால் நிறம் மாறும் மலிவு அட்டைகள் அளவைச் சரியாகச் சொல்லாது.

என்ன அறிகுறி வந்தால் உஷாராக வேண்டும்?

யுவி குறைவாக இருந்தால்: கால் வளைவது, தாடை மென்மையாவது, உடல் நடுங்குவது, பிடி தளர்வது, நாக்கு வீச முடியாமல் போவது. பெண் பச்சோந்தி முட்டையிட முடியாமல் தவிப்பதும் இதனால் நடக்கலாம்.

யுவி அதிகமாக இருந்தால்: பகலிலேயே கண்ணை மூடிக்கொண்டு இருப்பது, கண் வீங்குவது, லைட் பக்கமே வராமல் ஒளிந்துகொள்வது, தோலில் கருகிய அல்லது உரிந்த பகுதி தெரிவது.

ஆரோக்கியமான பச்சோந்தி பகலில் கண்ணை மூடித் தூங்காது. அப்படி இருந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். வளைந்த எலும்பு பெரும்பாலும் பழையபடி நேராகாது. ஆனால் சீக்கிரம் கண்டுபிடித்தால் நோய் மேலும் பரவாமல் நிறுத்த முடியும்.

யுவிக்குப் பதில் வைட்டமின் டி3 பொடி போதுமா?

போதாது. தோலில் உருவாகும் வைட்டமின் டி3-க்கு ஒரு தடுப்பு உண்டு. தேவைக்கு மேல் ஒளி பட்டால், உடல் அதைப் பயனில்லாத வேறு பொருளாக மாற்றிவிடும். வாய் வழியாகப் போகும் டி3-க்கு அந்தத் தடுப்பு இல்லை. அளவு மீறினால் சிறுநீரகம் போன்ற உள் உறுப்புகளில் கால்சியம் படியும். அதனால் டி3 கலக்காத கால்சியம் பொடியைத் தீனியில் வழக்கமாகத் தூவி, டி3 கலந்த பொடியை மாதம் ஒன்றிரண்டு முறை மட்டும் தருவது பரவலான நடைமுறை. சரியான அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

மின்சார விஷயத்தில் என்ன கவனம்?

பச்சோந்தி கிண்ணத்தில் தண்ணீர் குடிக்காது. இலையில் தெளிக்கும் துளிகளைத்தான் நக்கிக் குடிக்கும். ஆக, லைட்டும் தண்ணீர்த் தெளிப்பானும் பக்கத்துப் பக்கத்திலேயே இருக்கும். ஃபிட்டிங்கைக் கூண்டுக்கு வெளியே, மூடியின் மேல் வைக்க வேண்டும். ஒயர் வழியாகத் தண்ணீர் வழிந்து பிளக்குக்குள் போகாதபடி, ஒயரைப் பிளக்குக்குக் கீழே சற்றுத் தொங்கவிட்டு மேலே ஏற்ற வேண்டும். அந்த லைனுக்கு ஆர்.சி.சி.பி. பாதுகாப்பு இருக்க வேண்டும். அமெரிக்காவில் இருந்து வாங்கி வரும் ஃபிட்டிங் 120 வோல்ட்டுக்கானதாக இருக்கலாம். 230 வோல்ட்டில் சொருகும் முன் பார்க்க வேண்டும்.

இந்த ட்யூப்களில் பாதரசம் உண்டு. உடைந்தால் துடைப்பத்தால் பெருக்கக் கூடாது. ஜன்னலைத் திறந்துவிட்டு, சிறிது நேரம் கழித்து, கையுறை போட்டு அட்டையால் அள்ளி மூடிய டப்பாவில் போட வேண்டும். எரியும் ட்யூப்பைக் குழந்தைகள் நெருங்கி நின்று பார்க்கவும் விடக் கூடாது.

நேரடி வெயிலே போதாதா?

வெயிலைவிட நல்ல யுவி வேறு இல்லை. ஆனால் வெப்ப மண்டலப் பகுதிகளில் உச்சி வேளையில் யுவி இண்டெக்ஸ் 11-ஐத் தாண்டும். காட்டில் பச்சோந்தி அந்த நேரத்தில் இலைக்குள் போய்விடும். வெளியே வைப்பதாக இருந்தால் காலை வெயிலில், நான்கு பக்கமும் வலை உள்ள கூண்டில், பாதிக்கு மேல் நிழலோடு வைக்க வேண்டும். கண்ணாடித் தொட்டியை வெயிலில் வைத்தால் சில நிமிடங்களிலேயே உள்ளே சூடு ஏறி உயிரே போய்விடும்.

இந்தியாவில் பச்சோந்தி வளர்க்கலாமா?

தமிழ்நாடு உட்பட இந்தியாவின் பல பகுதிகளில் இயற்கையாக வாழும் இந்தியப் பச்சோந்தி, 1972-ம் ஆண்டின் வனஉயிரின பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்ட உயிர். அதைப் பிடிப்பதும், வீட்டில் வைத்திருப்பதும், விற்பதும் குற்றம். தோட்டத்தில் கண்டால் அப்படியே விட்டுவிட வேண்டும். அதற்கு லைட்டும் வேண்டாம், கூண்டும் வேண்டாம்.

வெயில்டு, பேந்தர் போன்ற வெளிநாட்டு இனங்கள் 'சைட்ஸ்' எனும் சர்வதேச வனஉயிரின வர்த்தக ஒப்பந்தத்தின் இரண்டாவது பட்டியலில் உள்ளன. 2022-ல் திருத்தப்பட்ட சட்டம், 2024-ல் வந்த விதிகள் ஆகியவற்றின்படி, இவற்றை வைத்திருப்பவர்கள் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். ஆவணம் இல்லாமல் விற்கப்படும் பிராணியை வாங்குவது சட்டச் சிக்கலில் கொண்டு போய்விடும்.

சுருக்கமாக, வாங்கும் முன் கேட்க வேண்டிய 5 கேள்விகள்

1. இது ஊர்வன பிராணிகளுக்கான யுவி-பி லைட்டா, அல்லது வெறும் 'யுவி' லைட்டா?
2. என் கூண்டின் உயரத்துக்கும் வலைக்கும் ஏற்ற தூர அட்டவணை இருக்கிறதா?
3. கிளையில் யுவி இண்டெக்ஸ் 3 அளவில் வருமா, மேலே தொங்கினால் எவ்வளவு போகும்?
4. விலகிப் போக நிழல் இருக்கிறதா?
5. எப்போது மாட்டினேன், எப்போது மாற்ற வேண்டும்?

இந்த ஐந்துக்கும் பதில் கையில் இருந்தால் லைட்டை மாட்டலாம். ஒன்றுக்குப் பதில் இல்லை என்றாலும், பச்சோந்தியை வாங்குவதைத் தள்ளிப்போடுவதே நல்லது.